பழைய சீட்டுக்குக் கொடுத்த மாத்திரை

கேள்வி: நாங்கள் மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பாவுக்கு 64 வயது. ஃபோர்ட் கொச்சி டோபி கானாவில் துணி தேய்க்கிறார். ஆஸ்துமாவுக்காகப் பல மாதங்களாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். மார்ச்சில் நெஞ்சுச் சளிக்கு ஒரு தனியார் கிளினிக்கில் லெவோஃப்ளாக்சசின் 500 ஐந்து நாளைக்கு எழுதினார்கள். இருமல் நிற்காததால் அதே சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் இன்னும் ஐந்து நாளைக்கு வாங்கினோம். இரண்டாம் முறை பில் தரவில்லை. கூகுள் பேயில் பணம் கொடுத்தேன். ஏழாம் நாள் குதிகால் வலி என்றார். நின்றுகொண்டே செய்யும் வேலை, அதனால்தான் என்று நினைத்தோம். ஒன்பதாம் நாள் படியேறும்போது குதிகால் நரம்பு அறுந்துவிட்டது. ஆபரேஷன் ஆகி மூன்று மாதமாக வேலையில்லை. கிளினிக்கில் கேட்டால், "எல்லா மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு" என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும், சகோதரி. ஆனால் "மாத்திரையால் கால் போனது" என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் வழக்கு நிற்காது. சரியாக எழுதி, சரியாகக் கொடுத்த மருந்தும் சிலருக்குக் கெடுதல் செய்யும். அதற்காக மட்டும் எந்த மருத்துவரையும் நீதிமன்றம் தண்டிப்பதில்லை. எழுதுவதற்கு முன் என்ன கேட்டார், எழுதிய பின் என்ன எச்சரித்தார் என்பதில்தான் பொறுப்பு பிறக்கிறது.

அப்பாவின் விஷயத்தில் அந்தக் கேள்வி கனமானது. லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஒஃப்ளாக்சசின் மூன்றும் ஃப்ளூரோகுயினலோன் என்ற ஒரே வகை. இவை குதிகால் தசைநாணை, அதாவது நீங்கள் நரம்பு என்று சொல்வதை, அறுத்துவிடலாம் என்பதால், அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2008இலேயே மருந்துத் தாளில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று அதிலேயே இருக்கிறது. 2018இல் ஐரோப்பிய மருந்துகள் முகமையும் இதே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. வயது, ஸ்டீராய்டு என்று இரண்டு வகையிலும் அப்பா அந்தப் பட்டியலில் வருகிறார்.

மருத்துவர் தரப்பு சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தந்த தீர்ப்பைக் காட்டும். மிக அரிதாக நேரக்கூடியதையெல்லாம் நோயாளியிடம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது அது. பொதுவாக அரிதானதாக இருக்கலாம். ஆனால் அப்பாவைப் போன்றவர்களுக்கென்றே அச்சிட்ட எச்சரிக்கை இது என்பதே நம் வாதம். "குதிகால் வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால், ஏழாம் நாளே நிறுத்தியிருப்பீர்கள். சீட்டில் ஆஸ்துமா, பிரெட்னிசோலோன் என்று குறித்திருக்கிறாரா பாருங்கள். குறித்திருந்தால், தெரிந்துதான் எழுதியிருக்கிறார். குறிக்காவிட்டால், கேட்கவே இல்லையா என்பது அடுத்த கேள்வி. அப்பாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பதுபோல் ஏதாவது இருந்திருந்தால், இந்த மருந்தைத் தேர்ந்ததற்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். அதையும் என்னிடம் மறைக்காதீர்கள்.

எனக்கு இதைவிட வலுவாகத் தெரிவது மருந்துக் கடை மேலுள்ள புகார்தான். மருந்து விதிகள் 1945இன் 65ஆம் விதிப்படி, மருத்துவர் சீட்டிலேயே அனுமதித்திருந்தால் ஒழிய ஒரு சீட்டுக்கு இரண்டாம் முறை மருந்து தரக்கூடாது. மேலும், லெவோஃப்ளாக்சசின் ஹெச்1 அட்டவணையில் இருக்கும் மருந்து. 2014 மார்ச் 1 முதல், இந்த மருந்துகளை விற்கும் கடை, மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பதிவேட்டில் அந்த விற்பனை இருந்தால் அதுவே சாட்சி. இல்லாவிட்டால் எழுதாததே விதிமீறல். கூகுள் பே பதிவில் தேதியும் தொகையும் இருக்கும், அதை இன்றே அச்செடுத்து வையுங்கள். பிறகு எறணாகுளத்தில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, அந்தப் பதிவேட்டைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்க 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ருத்' என்று கடைகளில் சோதனை தொடங்கிய துறை அது. 2015ஆம் ஆண்டின் மருந்தக நடைமுறை ஒழுங்குவிதிகளின்படி, கடும் பக்கவிளைவுகளை நோயாளிக்கு எடுத்துச் சொல்வது மருந்தாளுநரின் கடமையும்கூட.

ஒன்றைத் தயாராக எதிர்பாருங்கள். "நீங்கள்தானே பழைய சீட்டோடு வந்தீர்கள், வலி வந்தும் சாப்பிட்டீர்கள்" என்று கடைக்காரர் தரப்பு கேட்கும். இழப்பீடு அதனால் குறையலாம். மருத்துவரும் "நான் எழுதியது ஐந்து நாளைக்குத்தான்" என்பார். மாத்திரையை நிறுத்திய பிறகும் தசைநாண் அறுவது உண்டு என்பதால் அந்த வாதம் அவரை முழுதாகக் காப்பாற்றாது. அதற்கு எலும்பு மருத்துவர் ஒருவரின் எழுத்துக் கருத்து வேண்டும். நிபுணர் சாட்சி எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது உண்மைதான். அங்கே மலேரியாவுக்கு டைபாய்டு சிகிச்சை தந்திருந்தார்கள், தவறு வெளிப்படையாகத் தெரிந்தது. உங்களுடையது அவ்வளவு வெளிப்படையானதல்ல.

மருந்து நிறுவனத்தை இழுக்க வேண்டாம். மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே தரவேண்டிய மருந்துக்கு மருத்துவர்களுக்கு உரிய எச்சரிக்கை கொடுத்திருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 87ஆம் பிரிவு நிறுவனத்தை விடுவிக்கிறது. போலீசுக்கும் போகாதீர்கள். மருத்துவர் மேல் குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் தீர்ப்பாகிவிட்டது.

நீங்கள் போக வேண்டிய இடம் எறணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள். சிகிச்சைக்கும் மருந்துக்கும் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. கிளினிக்கிலும் ஆபரேஷன் செய்த மருத்துவமனையிலும் சிகிச்சைப் பதிவுகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. அப்பாவின் வருமானத்துக்கு டோபி கானா சங்கத்திலிருந்து சான்று வாங்குங்கள். மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையை எறிந்துவிடாதீர்கள், தொகுப்பு எண் அதில் இருக்கிறது. பெரிய தொகையை நினைத்துக் கடன் வாங்கியும் விடாதீர்கள். கொல்கத்தாவில் அனுராதா சாஹாவுக்குத் தோலில் வந்த தடிப்புக்கு ஸ்டீராய்டு ஊசியை அளவுக்கு மீறிப் போட்டார்கள். அவர் 1998இல் இறந்தார். ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீட்டுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2013இல்தான்.

வழக்கு எப்படிப் போனாலும் இரண்டு காரியங்களை இந்த வாரமே செய்யுங்கள். காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் இந்தப் பக்கவிளைவைப் பதிவு செய்யுங்கள். நோயாளியின் வீட்டாரே சொல்லலாம். அடுத்தது, "ஃப்ளூரோகுயினலோன் ஒத்துக்கொள்ளாது" என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். நாளை சிறுநீர்த் தொற்று என்று போனால் சிப்ரோஃப்ளாக்சசினையோ நார்ஃப்ளாக்சசினையோ எழுதிவிடப் போகிறார்கள். இன்னொரு குதிகால் இருக்கிறது.