வீட்டில் இருந்தே டீச்சர் படிப்பு: பணம் கட்டும் முன் நாலு கேள்வி



திருவேங்கடம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து தீர்மான நோட்டு எழுதும் நேரத்தில் ஒரு தங்கச்சி எழுந்தார். பிளஸ் டூ முடித்தவர். பகலில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்.

"யக்கா, எனக்கு நாற்பதாயிரம் கடன் வேணும். ஒரே வருஷத்துல டிகிரியும் பி.எட்டும் சேர்த்துத் தாராங்களாம். போன்லயே படிச்சா போதுமாம். ஐயாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டேன்" என்றார்.

டீச்சர் ஆக வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. ஆனால் அந்த வழி சரியா? இதுதான் இந்த மாதப் பாடம்.

1. எந்த வகுப்புக்கு டீச்சர்?

1 முதல் 5-ஆம் வகுப்பு வரை என்றால் பிளஸ் டூவுக்குப் பிறகு 2 வருட தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு வேண்டும். பி.எட். படித்தவர்கள் இந்த வகுப்புகளுக்குத் தகுதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 6 முதல் 10 வரை என்றால் டிகிரியும் பி.எட்டும் வேண்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புக்கு முதுகலையும் பி.எட்டும் வேண்டும்.

படிப்பு முடிந்ததுமே அரசு வேலை வந்துவிடாது. 8-ஆம் வகுப்பு வரை பாடம் நடத்த ஆசிரியர் தகுதித் தேர்வு உண்டு. 1 முதல் 5-க்கு முதல் தாள், 6 முதல் 8-க்கு இரண்டாம் தாள். "வேலைக்கு நாங்க கேரண்டி" என்று யாராவது சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

2. எதை வீட்டில் இருந்து படிக்கலாம்?

பி.ஏ., எம்.ஏ. போன்ற படிப்புகளை அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் என்றால் அந்தப் பட்டம் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் அறிவித்துள்ளது. 1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ), 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள்.

பி.எட். அப்படி இல்லை. 2014-ஆம் வருட விதிகளின்படி இது 2 வருடப் படிப்பு. இதில் 20 வாரம் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்துவதைப் போனில் பழக முடியுமா? அஞ்சல் வழி பி.எட். உண்டுதான். ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டும். அவர்களும் பயிற்சிக்கும் வகுப்புக்கும் நேரில் போக வேண்டும். மற்றவர்கள் கல்லூரியில் சேர்ந்துதான் படிக்க வேண்டும்.

3. என்ன பாடம் எடுப்பது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பி.எட். சேர வேண்டுமென்றால் டிகிரியில் பள்ளிக்கூடத்தில் உள்ள பாடம் எடுத்திருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, வரலாறு மாதிரி. வணிகவியல், பொருளியல் எடுத்தவர்கள் முதுகலையும் முடித்த பிறகுதான் பி.எட். சேர முடியும். எளிதாக இருக்கிறதே என்று ஏதோ ஒரு பாடத்தை எடுத்தால் மூன்று வருடம் வீணாகும்.

இன்னொன்று. பத்தாவது, பிளஸ் டூ, அதன் பிறகு டிகிரி என்ற வரிசை முக்கியம். பிளஸ் டூ படிக்காமல் நேரடியாக வாங்கிய திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று தமிழக அரசு 2009-ல் ஆணை போட்டது. பத்தாவதோடு நின்ற சகோதரிகள் முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதுங்கள்.

4. பணம் யார் கைக்குப் போகிறது?

- பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பெயரும், அந்தப் படிப்பும், இந்த வருடமும் இருக்கிறதா என்று இ-சேவை மையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் இருக்க வேண்டும்.
- 2024 முதல் இப்படிச் சேருகிறவர்கள் டெப் ஐ.டி. என்ற எண் எடுக்க வேண்டும். அதைப் பற்றியே பேசாத சென்டரை நம்ப வேண்டாம்.
- கட்டணத்தைப் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள்.
- ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.
- பரீட்சைக் கட்டணம், பஸ் செலவு, வேலைக்குப் போகாத நாள் கூலி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அந்தத் தங்கச்சியோடு குழுத் தலைவியும் சென்டருக்குப் போனார். "எந்த யுனிவர்சிட்டி?" என்று கேட்டதற்குக் கடைசி வரை பதில் இல்லை. அட்வான்சும் திரும்பி வரவில்லை. ஆனால் முப்பத்தைந்தாயிரம் தப்பியது. குழு வேறு தீர்மானம் போட்டது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தமிழ் சேர, முதல் வருடக் கட்டணத்துக்கு மட்டும் உள்கடன். அந்த வருடம் பாஸ் செய்தால் அடுத்த வருடத்துக்கு மறுபடி கடன்.

"மூணு வருஷம், அப்புறம் பி.எட். ரெண்டு வருஷம். அஞ்சு வருஷம் ஆகுமேக்கா" என்றார் அவர். "ஆகட்டும்டி, அந்த வயசு எப்படியும் வரத்தான போகுது. டிகிரியோட வரட்டும்" என்றார் தலைவி.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் பாதியில் படிப்பை நிறுத்தியவர்கள் யார்? எதனால் நின்றது?
2. படிப்புக்கு உள்கடன் கொடுக்கும்போது எந்தெந்தத் தாள்களைப் பார்க்க வேண்டும்?
3. பரீட்சை நாட்களில் அவர் வீட்டுப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது?