விற்பனைக்குப் பின்னும் தொடரும் பிணைப்பு: மோட்டார் வாகனத் தொழிலில் மேகக் கணிமை

மோட்டார் வாகனத் தொழிலில் நெடுங்காலமாக ஒரு மரபு நிலவி வந்தது. தொழிற்சாலை வாயிலைக் கடந்த வண்டி, முழுமை பெற்ற வண்டியாகக் கருதப்பட்டது. அதன் பின்னர் அது தேயுமேயன்றி மேம்படாது. பிரேக் சரியில்லையெனில் பட்டறைக்கு ஓட்டிச் சென்று பாகத்தை மாற்ற வேண்டும். 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் இம்மரபு அனைவரும் காண உடைந்தது. அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், டெஸ்லா மாடல் 3 காரைச் சோதித்தபோது, மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் கார் நிற்பதற்கு 152 அடி தேவைப்பட்டது. இது மிக அதிகம் என்று இதழ் குறை கூறியது. சில நாட்களுக்குள் அந்நிறுவனம் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைத் திருத்திக் கம்பியில்லாத் தொடர்பு வழியே கார்களுக்கு அனுப்பியது. மறு சோதனையில் அத்தொலைவு 133 அடியாகக் குறைந்திருந்தது. ஒரு திருகாணியைக்கூட எவரும் தொடவில்லை.

இதில் வியப்புக்கு இடமுண்டு, கவலைக்கும் இடமுண்டு. பத்தொன்பது அடியைத் தொலைவிலிருந்தே குறைக்க வல்ல கைக்கு, அதைக் கூட்டவும் இயலும்.

மேகம் என்பது யாது?

இங்கு மேகம் என்று கூறப்படுவது, பெரிய நிறுவனங்கள் அமைத்துள்ள கணினி மையங்களேயாகும். மின்சாரத்தை வாங்குவது போல, தேவைக்கேற்ப அம்மையங்களின் கணிக்கும் திறனையும் சேமிப்பிடத்தையும் வாடகைக்குப் பெறலாம். கார்களுக்குள் கணினிகள் புகுந்தது இதற்கு வெகு காலம் முன்னரே. அவை ஒன்றோடொன்று பேசுவதற்கான ‘கேன்’ என்னும் இணைப்பு முறையை ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. ஆயினும் அந்த உரையாடல் வண்டிக்குள்ளேயே அடங்கியிருந்தது. வண்டியில் சிம் அட்டை பொருத்தப்பட்டதும் அது வெளியே வந்தது. எஞ்சினின் வெப்பம், பேட்டரியின் நிலை, வண்டியின் இருப்பிடம் ஆகியவை தொலைவிலுள்ள மையத்துக்குச் செல்கின்றன. அங்கிருந்து கட்டளைகளும் திருத்தங்களும் திரும்பி வருகின்றன.

உற்பத்தித் துறையிலும் இம்முறை பரவியுள்ளது. வோக்ஸ்வாகன் குழுமம் தனது 122 ஆலைகளின் தகவல்களையும் அமேசானின் மேகத்தில் ஒன்றிணைக்கப் போவதாக 2019இல் அறிவித்தது. ஓர் ஆலையில் இயந்திரம் பழுதுபடுமுன் தெரியும் அறிகுறிகளைக் கண்டு, மற்றோர் ஆலை முன்னெச்சரிக்கை பெறலாம் என்பது இதன் பயன்களுள் ஒன்று. அயல்நாட்டுக் கார்களின் மென்பொருளில் கணிசமான பகுதி பெங்களூரிலும் புனேயிலும் சென்னையிலும் எழுதப்படுகிறது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

இந்தியச் சாலைகளில்

இந்தியாவில் இம்மாற்றத்தை ஆராய விரும்பும் மாணவர், விலையுயர்ந்த கார்களைவிடச் சாதாரணப் பேருந்தையும் வாடகைக் காரையும் நோக்குவதே தக்கது. பெண்களின் பாதுகாப்பைக் கருதி, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125 எச் என்னும் விதி 2016இல் சேர்க்கப்பட்டது. இதன்படி 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் பயணிகள் வாகனங்களில் இருப்பிடங்காட்டும் கருவியும் அபாயப் பொத்தானும் இருத்தல் வேண்டும். ஆட்டோக்களுக்கும் இ-ரிக்ஷாக்களுக்கும் விலக்கு உண்டு. பழைய வண்டிகளுக்கான நாளைக் குறிக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது.

கருவியின் தரத்தை வரையறுப்பது ஏ.ஐ.எஸ். 140 என்னும் ஆவணம். வண்டியின் பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் கருவி நான்கு மணி நேரம் இயங்க வேண்டும். கைப்பேசித் தொடர்பு கிட்டாத இடத்தில் 40,000 இருப்பிடப் பதிவுகளைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்ப வேண்டும். கருவியைப் பொறுத்தவரை விதி தெளிவாகவே உள்ளது. ஆனால் பொத்தானை ஒரு பெண் அழுத்தும்போது, அச்செய்தி மாநிலக் கட்டுப்பாட்டு மையத்தின் கணினியை அடைய வேண்டும். அங்கு இரவு பகலாக ஒருவர் விழித்திருக்க வேண்டும். அவர் சொல்லுக்குக் காவல் வண்டி புறப்பட வேண்டும். வண்டியில் பொருத்திய கருவிக்குச் சான்றிதழ் வழங்குவது எளிது. மறுமுனையைச் சோதிப்பதே கடினம். தகுதிச் சான்றுக்கு வண்டி வரும்போது பொத்தானை அழுத்திப் பார்த்து, மையத்திலிருந்து பதில் வரும்வரை காத்திருக்கும் அதிகாரியே இத்திட்டத்தை உயிரோடு வைத்திருப்பவர்.

மின்சாரப் பேருந்துகளில் இது பணத்தையும் தொடுகிறது. 2019இல் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தில், நகரப் பேருந்துகள் ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்னும் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டன. கிலோமீட்டர்க் கணக்கு ஒப்பந்ததாரரின் கணினியில் மட்டும் இருக்குமானால், பட்டியலைச் சரிபார்க்கும் கணக்கு அலுவலர் எதிர்த் தரப்பின் பேரேட்டைக் கொண்டே எதிர்த் தரப்பைத் தணிக்கை செய்கிறார் என்றாகும்.

உரிமையாளர் யார்?

வண்டியின் உலோகம் வாங்கியவருக்குச் சொந்தம். அதை இயக்கும் மென்பொருள் அவருக்குச் சொந்தமன்று. பயன்படுத்தும் அனுமதி மட்டுமே உண்டு. 2022இல் அமெரிக்காவின் கைப்பேசி நிறுவனங்கள் மூன்றாம் தலைமுறைத் தொடர்பை நிறுத்தியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கார்கள் விபத்து உதவி அழைப்பு போன்ற வசதிகளை இழந்தன. ஃபிஸ்கர் என்னும் மின்சாரக் கார் நிறுவனம் 2024 ஜூனில் திவாலானது இன்னும் தெளிவான பாடம். மீதமிருந்த கார்களை மொத்தமாக வாங்க முன்வந்த நியூயார்க் குத்தகை நிறுவனம், அவற்றின் தகவல்களைத் தன் கணினிக்கு மாற்றிக்கொள்ள இயலாது என்பதைப் பின்னரே அறிந்து, நீதிமன்றத்தில் ஆட்சேபம் எழுப்ப நேர்ந்தது. காரும் சாவியும் கைக்கு வந்தால் போதும் என்று எண்ணும் காலம் கடந்துவிட்டது.

இந்தியாவில் தனியார் காரின் முதற் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அத்தனை ஆண்டுகளும் மென்பொருள் திருத்தங்கள் வந்துகொண்டிருக்குமா என்பது வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி. எஞ்சினின் ஓசையைக் கேட்டே பழுதைக் கண்டுபிடிக்கும் சாலையோர மெக்கானிக்கின் நிலை இன்னும் சிக்கலானது. பழுதின் குறியீடு நிறுவனத்தின் கணினியில் இருந்து, அதைத் திறக்கும் அனுமதியும் அங்கீகரிக்கப்பட்ட பட்டறைகளுக்கே கிடைக்குமானால், அவருடைய செவியும் கையும் பயனற்றுப் போகும். நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய, பழுது நீக்கும் உரிமைக்கான இணையதளத்தில் மோட்டார் வாகனத் துறையும் இடம்பெற்றுள்ளது. எனினும் இணையதளம் தகவல் தருவது. சட்டம் போல் கட்டாயப்படுத்துவதன்று.

தகவல்களின் காப்பும் இதே அளவு கருதத்தக்கது. மேகக் கணினியைத் தவறாக அமைத்ததால், ஜப்பானில் ஏறத்தாழ 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் வாகனத் தகவல்கள் 2013 நவம்பர் முதல் பத்தாண்டுக் காலம் வெளியார் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தன என்று டொயோட்டா 2023 மே மாதத்தில் அறிவித்தது. எவரும் திருட வேண்டிய தேவையே இருக்கவில்லை; கதவு திறந்தே கிடந்தது. இந்தியாவில் ஓட்டும் தூரத்தையும் ஓட்டும் முறையையும் பொறுத்துக் காப்பீட்டுக் கட்டணம் வசூலிக்க 2022 ஜூலையில் அனுமதி வழங்கப்பட்டது. குறைவாக ஓட்டுபவருக்கு இது ஆதாயம். ஆனால் ஒருவர் எங்குச் சென்றார், எவ்வளவு வேகத்தில் சென்றார் என்னும் விவரங்கள் இனி விலைமதிப்புள்ள சரக்காகும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒப்புதலைக் கோருகிறது. கார் வாங்கும் நாளில், மாலையும் எலுமிச்சம்பழமுமாக நிற்கும் குடும்பத்தினர், திரையில் தோன்றும் நீண்ட நிபந்தனைகளைப் படித்தா ‘சம்மதம்’ என்பதைத் தொடுகின்றனர்?

மென்பொருள் திருத்தம் எவ்வாறு அனுப்பப்பட வேண்டும், ஊடுருவலை எவ்வாறு தடுக்க வேண்டும் என்பவற்றுக்கு ஐக்கிய நாடுகளின் 155, 156ஆம் எண் விதிகள் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்தும் இவற்றுக்கு உட்பட்டவை. எந்த வண்டியில் எந்தத் திருத்தம் எந்நாளில் ஏற்றப்பட்டது என்ற பதிவேட்டை உற்பத்தியாளர் பேண வேண்டும் என்பது 156ஆம் விதியின் உட்பொருள். பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் கூறும் விபத்தில், டயர்த் தடத்தை அளக்கும் ஆய்வாளர் முதலில் கேட்டுப் பெற வேண்டிய ஆவணமும் அதுவே.