டூட்டி சார்ட்

அன்புள்ள நிலா,

நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதாக உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம். பாடத்தில் வராத ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2020-ல் எனக்குக் கொரோனா வார்டு. கவச உடையைப் போட்டுக்கொண்டால் டூட்டி முடியும்வரை கழற்ற முடியாது. பாத்ரூம் போக வேண்டிவருமே என்று தண்ணீரே குடிக்க மாட்டோம். ஆள் அடையாளம் தெரிய, முதுகில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வோம். "கண்ணு மட்டுந்தான் தெரியுது, நீ எந்தப் புள்ள?" என்று ஒரு பாட்டி தினமும் கேட்பார். ஒருநாள் போனால் கட்டில் காலி. விரிப்பை மாற்றி அடுத்தவரைப் படுக்கவைத்தேன். அழவும் முடியாது, கண்ணாடி மங்கிவிடும்.

மார்ச் 22 மாலை ஊரே எங்களுக்காகக் கைதட்டியது. சரியாக நான்கு வாரம் கழித்து, கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் இதே சென்னையில் கல்லெறிந்தார்கள். அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப் குமார் நள்ளிரவில் தன் கையாலேயே மண் தள்ளிப் புதைத்தார். மறுநாள் வார்டில் யாரும் பேசவில்லை. நோய்க்கு அஞ்சாதவர்களும் அன்று ஒடுங்கிப்போனார்கள்.

தூக்கம் போனது எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் சீனாவில் 34 மருத்துவமனைகளில் 1,257 மருத்துவர், செவிலியரிடம் விசாரித்தார்கள். பாதிப்பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள். மூன்றில் ஒருவருக்குத் தூக்கமில்லை. இதைப் பிறகுதான் படித்தேன். முன்பே தெரிந்திருந்தால் வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

என்னைத் தாங்கியது ஹெட் நர்ஸ் அக்கா போட்ட டூட்டி சார்ட். புதுப் பிள்ளை யாரையும் தனியாக நைட் போட மாட்டார். இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார். ஜோடி சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்பது மற்றவள் வேலை. லீவு நாளில் எங்களைக் கூப்பிடவே மாட்டார். ஓய்வே தராமல் மூச்சுப்பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கையில்லை. எங்களைத் தெய்வம் என்றார்கள். தெய்வம் லீவு கேட்குமா, சொல்!

இப்போது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் இருக்கிறது. 14416-க்கு எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே, காசு கிடையாது. எண்ணைப் போனில் பதிந்துகொள்.

முதல் நைட் டூட்டி முடிந்ததும் எனக்குக் கூப்பிடு. விடியற்காலை என்றாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அத்தை