தலைத் திவசம் கழிந்த பிறகு

அன்புள்ள தங்கைக்கு,

தலைத் திவசம் கழிந்துவிட்டால் மனசு ஆறிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரருக்குச் சென்ற ஆவணியில் தலைத் திவசம் கொடுத்தோம். ஆறிவிடும் என்று எழுதத்தான் ஆசை. எனக்கு ஆறவில்லை. முன்பு நாள் முழுக்க நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. இப்போது சமைக்கிறேன், சிரிக்கிறேன், தூங்குகிறேன். திடீரென்று அவர் பெயருக்கு ஒரு தபால் வரும். அன்றைய பொழுது அதோடு போய்விடும்.

‘துக்கத்தின் ஐந்து கட்டங்கள்’ என்று உங்களுக்கும் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் வெளியிட்ட நூலில் அதை எழுதியது, சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து. பறிகொடுத்தவர்களுக்கு அதைப் பொருத்தியது பிற்பாடு. அந்த வரிசையில் நாம் எங்கே நிற்கிறோம் என்று தேடவே வேண்டாம். தலைத் திவசம் போல ஒரு வருஷக் கணக்கு மருத்துவர்களிடமும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2022இல் நீடித்த துக்கத்தை ஒரு நோயாகச் சேர்த்தபோது, பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதம் கழிந்திருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அதற்குள் அழுது முடித்துவிட வேண்டும் என்று பொருள் இல்லை. அதன் பிறகும் அநேகமாகத் தினமும் துக்கம் ஆளை முடக்கிப்போட்டால் உதவி தேவை என்றுதான் பொருள். உங்களுக்கு எப்போது தாங்க முடியாமல் போனாலும், வருஷம் ஆகட்டும் என்று காத்திருக்காமல், 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

எனக்கு அழக்கூட நேரம் கொடுக்காமல் காகித வேலைகள் வந்து நின்றன. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். வங்கியில் நாமினி என்றால் பணம் கைக்கு வருமே தவிர, அது வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. இதெல்லாம் அவர் பார்த்துக்கொண்ட சங்கதிகள். தாலுகா அலுவலகத்திலிருந்து வாரிசுச் சான்றிதழ் வந்தபோது அதில் என் பெயர், பிள்ளைகள் பெயர், கூடவே என் மாமியார் பெயர். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த மகனின் சொத்தில் தாய்க்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமப் பங்கு உண்டு. கேதம் கேட்க வந்த பெண்களெல்லாம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பெற்ற மாமியார் பின்கட்டில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய இழப்பையும் என்னுடையதற்குச் சமமாக வைத்தது அந்தக் காகிதம்தான். வாசித்துக் காட்டினேன். “எனக்கெதுக்கு தாயி சொத்து” என்றார். பிறகு, மகன் கண்மாயில் நீச்சல் பழகியது, பள்ளிக்கூடத்துக்குப் பயந்து வைக்கோல் படப்புக்குள் ஒளிந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அத்தனை வருஷம் குடும்பம் நடத்திய எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. இப்போது பல சாயங்காலங்கள் எங்களுக்கு அப்படித்தான் போகின்றன.

‘இந்த இழப்பு உன்னை வளர்த்திருக்கிறது’ என்கிறார்கள். ஸ்கூட்டி ஓட்டுகிறேன், வீட்டு வரி கட்டுகிறேன், தாலுகா அலுவலகத்தில் தயங்காமல் கேள்வி கேட்கிறேன். உண்மைதான். அவர் பக்கத்தில் இருந்திருந்தாலும் இதையெல்லாம் கற்றிருக்க முடியும். இதற்காகச் சாவுக்கு என்னால் நன்றி சொல்ல முடியாது. நீங்களும் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கங்களில் எனக்கு எல்லாமே கசக்கவில்லை. முதல் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. பங்காளி வீட்டுப் பெண்கள் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். துக்கத்தை மறக்கச் சொல்லாமல் அதில் பங்கெடுக்கிற வழக்கம் இது. என்றைக்கும் இருக்கட்டும். பூவையும் வளையலையும் பறிக்கிற சடங்கை மட்டும் நான் ஏற்கவில்லை. பதினாறாம் நாள் அதைச் செய்ய வந்தவர்களிடம் என் மாமியாரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு எனக்கு யோசிக்க எதுவும் இல்லை. தை மாதம் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு, அவளே போனில் ‘அத்தை, நீங்க வரணும்’ என்று கூப்பிட்டிருக்கிறாள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போங்கள். அத்தை போட வேண்டிய வளையலை வேறு யாரிடமும் கொடுத்துவிடாமல் நீங்களே அவள் கையில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா