அரிசியும் ரப்பரும்: சீன–இலங்கைப் பொருளாதார உறவு

வீராணம் ஏரி நீரில் நெல் விளையும் கீரப்பாளையம் பகுதியினரான நமக்கு, ஒரு நாடே அரிசிக்குக் கடல் கடந்து அலையும் நிலை எளிதில் விளங்காது. 1952-ல் இலங்கை அந்நிலையில்தான் இருந்தது. தேயிலையும் ரப்பரும் ஏற்றுமதி செய்த அத்தீவு, உண்ணும் அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்கியது. கொரியப் போரின் தொடக்கத்தில் உயர்ந்த ரப்பர் விலை பின்னர் சரிந்தது; அரிசி விலையோ ஏறியது.

சீனாவுக்கு வேறு முடை. ஐ.நா. மன்றம் 1951-ல் விதித்த தடையால் அதற்கு ரப்பர் கிடைக்கவில்லை. இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பு நாடு அன்று; 1955-ல்தான் உறுப்பினராயிற்று. ஆகவே வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீகிங் சென்றார். 1952 டிசம்பரில் ஐந்தாண்டு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆண்டுதோறும் சீனா 2,70,000 டன் அரிசியும், இலங்கை 50,000 டன் ரப்பரும் தர வேண்டும். ரப்பருக்குச் சந்தை விலையினும் கூடுதலாகவே சீனா கொடுத்தது. பொதுவுடைமையை விரும்பாத கட்சியின் ஆட்சியே இதைச் செய்தது என்பது கருதத்தக்கது. அமெரிக்கா சினந்து, தன் பொருளாதார உதவியை மறுத்தது. இலங்கை அசையவில்லை. தூதரக உறவு ஏற்பட்டதோ 1957-ல்தான்! கொள்வினை கொடுப்பினை முடிந்த பிறகே வீட்டுக்கு அழைப்பு வந்தது போலும். உடன்படிக்கை பலமுறை புதுப்பிக்கப்பட்டு முப்பதாண்டுக் காலம் நிலவியது.

அந்நாளைய சீனா பிற வறிய நாடுகளுக்கும் இவ்வாறே உதவியது. 1970-ல் பணி தொடங்கிய தான்சானியா–சாம்பியா ரயில் பாதைக்கு அது தந்த கடனுக்கு வட்டியே இல்லை.

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் கதை வேறு. 2007-ல் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி 30.7 கோடி டாலர் கடன் தந்தது, வட்டி 6.3 விழுக்காடு. கட்டியவையும் சீன நிறுவனங்களே. 2010-ல் திறக்கப்பட்ட துறைமுகத்திற்குக் கப்பல்கள் போதிய அளவில் வரவில்லை. 2017-ல் 112 கோடி டாலருக்கு, 99 ஆண்டுக் குத்தகையாக அது சீன நிறுவனமொன்றின் கைக்குச் சென்றது.

கடனுக்கு ஈடாகத் துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்டனர் என்று சொல்வோர் உண்டு. அது முழு உண்மையன்று. அப்பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. துறைமுகக் கடன் அப்படியே நின்றது. 2022-ல் இலங்கை கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது நின்றபோதும், வெளிநாட்டுக் கடனில் மிகப் பெரிய பங்கு பன்னாட்டுச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களே.

எனினும், இரு ஒப்பந்தங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். 1952-ல் சீனாவுக்குத் தேவையான பண்டம் இலங்கையின் கையில் இருந்தது. ரப்பர் விலையை ஆண்டுதோறும் இரு நாட்டினரும் அமர்ந்து பேசி முடிவு செய்தனர். அம்பாந்தோட்டைக் கடனிலோ, கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது.