வராத பிள்ளைகளின் கணக்கு

தம்பி,

உன் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன், இரண்டாவது தடவை கையில் பென்சிலோடு. பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தில் தமிழ் வழியிலும் மலையாள வழியிலும் படிக்கும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் பற்றியது. மல்டிலெவல் மாடலைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நீதான் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

என் எரிச்சல் மூன்றாம் அட்டவணையின் அடிக்குறிப்பில் இருக்கிறது. தேர்வு நாளில் வராதவர்களைச் சேர்க்கவில்லை என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டாய். எத்தனை பேர், எந்தப் பள்ளி, எந்தக் குடியிருப்பு? மூச்சில்லை. கோயம்புத்தூர் கான்வென்ட்டில் ஒரு பிள்ளை வரவில்லையென்றால் காய்ச்சலாக இருக்கும். கன்னிமாரிப் பக்கம் வராத பிள்ளை தம்பிப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும். அம்மா களையெடுக்கப் போயிருப்பாள். அநேகமாக அது எரவாளர் பழங்குடிக் காலனிப் பிள்ளை. பள்ளிக்கு வராததற்கும் வாசிக்கத் திணறுவதற்கும் காரணம் ஒன்றாக இருந்தால் உன் விடையில் பாதி நீ விட்ட அந்த வரிசைகளோடு போய்விட்டது. விடுபட்ட தரவைப் பற்றி ரூபின் 1976-இல் எழுதியது உனக்கு மனப்பாடம். அப்புறமும் எப்படியப்பா கை வந்தது?

ஹான்சனும் ஹர்விட்ஸும் 1946-லேயே வழி சொல்லிவிட்டார்கள். வராதவர்கள் எல்லோரையும் தேட முடியாதென்றால் மூன்றில் ஒருவரைக் குலுக்கி எடு. அவரை எப்பாடுபட்டாவது பிடி. மூன்று மடங்கு வெயிட் கொடு. ஆகிற செலவு பஸ் காசு.

கணக்கில் வராதவர்கள் என்ன ஆவார்கள் என்பதற்கு அதே பஞ்சாயத்தின் பிளாச்சிமடை இருக்கிறது. அதைப் பற்றி உனக்குச் சொல்லவே வேண்டாம், இருந்தாலும் சொல்வேன். அங்கே கோக்க-கோலா ஆலையால் ஏற்பட்ட இழப்பை 2010-இல் கேரள அரசின் உயர்மட்டக் குழு 216.26 கோடி ரூபாய் என்றது. விவசாயத்துக்கு 84.16, நீர்வளம் மாசுபட்டதற்கு 62.10. உடல்நலத்துக்கு 30, குடிநீருக்கு 20, கூலி இழப்புக்கும் வாய்ப்பிழப்புக்கும் 20. புள்ளி வைத்த எண்களுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து போட்ட கணக்கு இருக்கிறது. உருண்டையான எண்களைக் கணக்கு கிடைக்காத இடங்களாகத்தான் நான் வாசிக்கிறேன். கிணறு கெட்ட பிறகு குடத்தோடு நடந்த பெண்பிள்ளைகள் இழந்த பள்ளி நாட்கள் அந்தக் கடைசி இருபதுக்குள் எங்கோ கிடக்கும். வருகைப் பதிவேட்டை யாராவது தெருவாரியாகப் பிரித்து வைத்திருந்தால் அதற்கும் ஒரு புள்ளி கிடைத்திருக்கும்.

புள்ளி என்றதும் இன்னொன்று. உன் சராசரிகளில் எதற்கு மூன்று தசம இடம்? 40 பேர் எழுதிய தேர்வில் ஒரு பிள்ளை ஒரு மார்க் கூடுதலாக வாங்கினாலே சராசரி 0.025 நகரும். ஒன்று போதும்.

நான் வேலை பழகிய காலத்தில் எங்கள் பேராசிரியர் புள்ளியியல் மேதை மஹலனோபிஸின் பக்தர். ஒரே ஊரை இரண்டு மாதிரிகளாகப் பிரித்து இரண்டு குழுக்களிடம் தருவார். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் ஒரு குழுவிடம் பிள்ளைகள் கடகடவென்று வாசித்தார்கள், மற்றதிடம் திக்கினார்கள். போய்ப் பார்த்தால் முதல் குழுவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், பிள்ளை திணறும்போதெல்லாம் உதட்டை அசைத்து முதல் எழுத்தை எடுத்துக்கொடுக்கிறார். தங்கமான மனுஷி. இரண்டு பாதி இல்லாவிட்டால் அந்த உதடு எந்த டேட்டாவிலும் தெரிந்திருக்காது. நீ யாரை வைத்துத் தேர்வு நடத்தினாய் என்றும் எழுதவில்லை.

வேலை நேர்காணலில் யாரும் உன்னிடம் வராத பிள்ளைகளைக் கேட்கப்போவதில்லை. எத்தனை கட்டுரை என்றுதான் கேட்பார்கள். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆனால் தேர்வில் நீ வைத்த அந்த வாசிப்புப் பத்தி! மலையாளப் பத்தியைத் தமிழாக்கித் தராமல், பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஓட்டிப்போகும் தாத்தாவை நீயே எழுதியிருக்கிறாயே, இதற்காக உனக்கு எதுவும் தரலாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று வந்த கேள்வித்தாள்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒன்றாவது அவர்கள் வீட்டுப் பேச்சில் பேசியதில்லை.

பத்திரிகைக்கு இப்போதே அனுப்பாதே. பரீட்சை விடுமுறைக்கு முன்னால் காலனிகளுக்குப் போய்விடு. கூலி தேடிப் போன குடும்பங்களை அப்புறம் பிடிக்க முடியாது. சாயங்காலம் ஆறுக்கு மேல் போ. எந்த வீட்டில் யார் என்று அங்கன்வாடி டீச்சரிடம் கேள், பள்ளி ஆபீசில் கேட்காதே.