துணை முதிரும் விதம்

தனியாகப் பிறக்கிறோம், தனியாக இறக்கிறோம் என்று அடிக்கடி கேட்கிறோம். இடைப்பட்ட காலத்தில் யாரும் தனியாக வாழ்வதில்லை, துறவியும் அவ்வாறே. எனவே யாருடன் வாழ்கிறோம், அந்த உறவு எவ்வாறு முதிர்கிறது என்பது சாதகனுக்குப் புறம்பான கேள்வி அன்று.

அரிஸ்டாட்டில் தமது ‘நிக்கோமாக்கிய அறவியலின்’ 10 பகுதிகளுள் 8, 9 ஆகிய இரண்டை இதற்கே ஒதுக்கினார். அவர் கையாளும் கிரேக்கச் சொல் ‘பிலியா’. அதை ‘நட்பு’ என்று பெயர்ப்பது வழக்கமே ஆயினும், மொழிபெயர்ப்பவனுக்கு அதில் நிறைவு ஏற்படுவதில்லை. தாய் சேய் பாசமும், ஒரே கப்பலில் பயணம் செய்வோரின் உறவும்கூட அச்சொல்லில் அடங்கும். நம்முடைய ‘துணை’ என்ற சொல் அதற்குச் சற்று அருகில் வருகிறது.

பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்பண்பு கருதியது என அவர் மூன்று வகைகளைக் காண்கிறார். முதலிரண்டும் காரணம் மறைந்ததும் மறைபவை. அதற்காக அவற்றை இகழ வேண்டியதில்லை. நம் உறவுகளில் பல அங்கிருந்துதான் தொடங்குகின்றன. மூன்றாவது வகைக்குக் காலம் தேவை. நண்பராக வேண்டும் என்ற விருப்பம் விரைவில் எழும், நட்போ அவ்வாறு எழாது என்று கூறும் அவர், சேர்ந்து உப்பு உண்ண வேண்டும் என்ற பழமொழியையும் நினைவூட்டுகிறார்.

திருக்குறளின் அதிகார வரிசையும் சிந்திக்கத்தக்கது. 79-ஆம் அதிகாரம் நட்பு, 80 நட்பாராய்தல், 81 பழைமை. நண்பர் கேளாமலே உரிமை எடுத்துக்கொண்டாலும் மனம் கோணாத நிலையே பழைமை.

ஆனால் உரிமையுடன் நம்மை மறுத்துப் பேசினால்? துணையின் உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது. கருத்து ஒற்றுமையே தோழமை என்று பலர் எண்ணுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

சி.எஃப். ஆண்ட்ரூஸ் 1914 ஜனவரியில் டர்பன் நகரில் காந்தியடிகளை முதன்முதலாகச் சந்தித்தார். குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார். ஓர் ஆங்கிலேயப் பாதிரியார் இந்தியர் ஒருவரைப் பணிந்ததை அங்கிருந்த வெள்ளையர் பலர் பொறுக்கவில்லை. பின்னாளில் அவர்கள் ஒருவரையொருவர் ‘மோகன்’, ‘சார்லி’ என்று அழைக்கும் அளவுக்கு நெருங்கினர். அப்படிப் பணிந்தவர் பிற்காலத்தில் தலையாட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. 1918-இல் காந்தியடிகள் போருக்கு ஆள் திரட்ட முற்பட்டபோது, அஹிம்சையுடன் அது எவ்வாறு பொருந்தும் என்று ஆண்ட்ரூஸ் வாதிட்டார். 1921-இல் அயல்நாட்டுத் துணிகள் எரிக்கப்பட்டபோது, சக மனிதர்களின் கைவேலைப்பாட்டைத் தீயில் அழிப்பது தம் உள்ளத்தை வருத்துகிறது என்று கடிதம் எழுதினார்.

காந்தியடிகள் அதை மறைக்கவில்லை. தம்முடைய ‘யங் இந்தியா’ இதழிலேயே வெளியிட்டு, தமது விடையையும் அருகில் வைத்தார். துணி எரிப்பதை அவர் கைவிடவில்லை. ஆண்ட்ரூஸும் அவரைக் கைவிடவில்லை. 1940 ஏப்ரல் 5 அன்று கல்கத்தாவில் ஆண்ட்ரூஸ் காலமாகும் வரை, மேலும் 19 ஆண்டுகள் அந்த உறவு நீடித்தது.